தேடுபொறிக்குக் கண் கிடையாது - வலைத்தரங்களின் கதை

"சைட் முழுசா ரெடி. நீங்க எஸ்.இ.ஓ. மட்டும் பண்ணிக் குடுத்துடுங்க."

வலைத்தளம் கட்டுற வேலையில் இருக்கிறவங்க எல்லோரும் மாசத்துக்கு ஒரு தடவையாவது கேட்கிற வசனம் இது. சாம்பாரை இறக்கி வச்சதுக்கு அப்புறம் மேலே கொத்தமல்லி தூவுற மாதிரி, தளத்தைக் கட்டி முடிச்ச பிறகு தூவுற சமாச்சாரம்தான் தேடுபொறி உகப்பாக்கம்னு பல பேருக்கு ஒரு நினைப்பு. என்னைக் கேட்டா அது கொத்தமல்லி இல்ல, உலையிலேயே போட வேண்டிய உப்பு. அந்த உப்புக்குப் பேர்தான் வெப் ஸ்டாண்டர்ட்ஸ், அதாவது வலைத்தரங்கள்.

ஏன் அப்படின்னு புரியணும்னா கொஞ்சம் பழைய கதை பேசணும். பதிவு நீளம்தான், ஒரு டீ எடுத்துக்கிட்டு உட்காருங்க :-)

சொல்றதா, காட்டுறதா?

1989 மார்ச்சில் டிம் பெர்னர்ஸ் லீ தன்னுடைய திட்டத்தை எழுதிக் கொடுத்தது ஜெனீவா பக்கத்துல இருக்கிற செர்ன் ஆய்வுக்கூடத்தில். அங்கே பல நாட்டு ஆட்கள், பல வகைக் கணினிகள். ஒண்ணுல இருக்கிற ஆவணத்தை இன்னொண்ணுல படிக்கிறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடும். அதனால அவர் உருவாக்கின எச்.டி.எம்.எல். மொழி, ஒரு விஷயம் எப்படித் தெரியணும்னு சொல்லவே இல்ல. அது என்னன்னு மட்டும்தான் சொல்லிச்சு. இது தலைப்பு, இது பத்தி, இது பட்டியல், இது இன்னொரு பக்கத்துக்கு இணைப்பு. அவ்வளவுதான். தலைப்பைப் பெரிசாக் காட்டுறதா, அடிக்கோடு போடுறதா என்பதெல்லாம் படிக்கிறவரோட கணினியின் பாடு. வெறும் எழுத்து மட்டும் தெரியிற பழைய திரையா இருந்தாலும் பக்கம் படிக்கக் கிடைக்கும். 1993 ஏப்ரல் 30 அன்னிக்கு செர்ன் இந்த நுட்பத்தை யார் வேணும்னாலும் இலவசமா எடுத்துக்கலாம்னு அறிவிச்சுடுச்சு.

அதே 1993-ல்தான் மொசைக் உலாவி வந்தது. பக்கத்துக்குள்ளேயே படம் காட்டுற குறியை அதை எழுதினவர்களில் ஒருவரான மார்க் ஆண்ட்ரீசன் முன்மொழிஞ்சார். அடுத்து நெட்ஸ்கேப், அதுக்குப் போட்டியா மைக்ரோசாப்டின் இண்டர்நெட் எக்ஸ்ப்ளோரர். பிடிச்சுது உலாவிப் போர். வாடிக்கையாளரை இழுக்க ரெண்டு பேரும் இஷ்டத்துக்குப் புதுக் குறிகளைச் சேர்த்தாங்க. நெட்ஸ்கேப் எழுத்தை மினுக்க வச்சது, மைக்ரோசாப்ட் எழுத்தை ஓட விட்டது. அந்தக் காலத் தமிழ்த் தளங்கள்ல "வருக வருக"ன்னு வலமிருந்து இடமா ஓடினது ஞாபகம் இருக்கா? அதேதான்.

இதில் பெரிய வினை 'ஃபாண்ட்' என்கிற குறி. "இது தலைப்பு"ன்னு சொல்றதுக்குப் பதிலா "இதைச் சிவப்புல, தடிமனா, அஞ்சாம் அளவுல காட்டு"ன்னு எழுத ஆரம்பிச்சாங்க. கண்ணால பார்க்கிறவங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான், தலைப்பாத்தான் தெரியும். ஆனா அந்தக் கோப்பைப் படிக்கிற எந்த நிரலுக்கும் அது தலைப்புன்னு தெரியாது. சும்மா சிவப்பா இருக்கிற ஒரு வரி.

இதைத் தடுக்க யாரும் முயற்சி பண்ணாம இல்ல. 1994 அக்டோபரில் டபிள்யூ3சி அமைப்பு தொடங்கினது. அதே மாசம் ஹோகன் வியும் லீ சி.எஸ்.எஸ். யோசனையை முன்வச்சார். பொருளை எச்.டி.எம்.எல்.-ல் சொல்லு, அலங்காரத்தைத் தனியா வேற கோப்புல வச்சுக்கோ. 1996 டிசம்பரில் இது அதிகாரபூர்வ பரிந்துரையா வந்துடுச்சு. ஆனா உலாவிகள் அதைச் சரியா அமல்படுத்தல. ஒண்ணுல ஒழுங்கா வர்றது இன்னொண்ணுல கோணிக்கும்.

அதனால வடிவமைப்பாளர்கள் வேற வழி கண்டுபிடிச்சாங்க. கணக்கு வழக்கு காட்டுறதுக்காக வந்த 'டேபிள்' குறியை எடுத்து, பக்கத்தையே கட்டம் கட்டமா வெட்டி, உள்ளே இன்னொரு டேபிள், அதுக்குள்ள இன்னொண்ணு, இடைவெளிக்குக் கண்ணுக்கே தெரியாத ஒரு புள்ளி அளவு படம்! இந்த வித்தையைப் பிரபலமாக்கினது டேவிட் சீகல் 1996-ல் எழுதின ஒரு புத்தகம். சக்கைப்போடு போட்டுது. அடுத்த வருஷமே அவரே ஒரு கட்டுரை எழுதினார். வலை பாழாகிவிட்டது, பாழாக்கினது நான்தான் என்பதுதான் அதன் தலைப்பின் பொருள். பெரிய மனசுதான். ஆனா அதுக்குள்ள உலகம் பூரா டேபிள் பரவியாச்சு.

சிட்னியில் ஒரு வழக்கு

"பார்க்க அழகா இருக்கில்ல, அப்புறம் என்ன?"ன்னு கேட்கிறவங்களுக்கு நான் எப்பவும் சொல்ற உதாரணம் சிட்னி ஒலிம்பிக்ஸ்.

ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த புரூஸ் மக்வைர் பிறவியிலேயே பார்வை இல்லாதவர். திரையில் இருக்கிற எழுத்தை பிரெய்ல் புள்ளிகளா மாத்தித் தர்ற கருவி வச்சு இணையத்தைப் படிப்பார். 2000-ல் நடக்க இருந்த சிட்னி ஒலிம்பிக்ஸின் தளத்தை அவரால் முழுசாப் படிக்க முடியல. படங்களுக்கு மாற்று உரை இல்ல. அட்டவணைப் பக்கத்திலிருந்து விளையாட்டுகளின் பட்டியலுக்குப் போக முடியல. முடிவுகள் இருக்கிற பட்டியல்கள் கருவிக்குப் பிடிபடல. 1999 ஜூனில் மனித உரிமை ஆணையத்தில் புகார் கொடுத்தார்.

இத்தனைக்கும் படத்துக்கு மாற்று உரை கட்டாயம்னு எச்.டி.எம்.எல். 4.0 தரம் 1997 டிசம்பரிலேயே சொல்லியாச்சு. 1999 மே மாசம் டபிள்யூ3சி வெளியிட்ட அணுகல் வழிகாட்டியில் முதல் விதியே அதுதான். அமைப்பாளர்கள் தரப்பில் "இதையெல்லாம் சரி பண்ண ஏகப்பட்ட செலவும் நாளும் ஆகும்"னு வாதாடினாங்க. ஆணையம் ஏத்துக்கல. 2000 ஆகஸ்ட் 24 அன்னிக்கு, போட்டி தொடங்குற செப்டம்பர் 15-க்குள்ள சரி செய்யணும்னு உத்தரவு. அதை முழுசாச் செய்யாததால நவம்பரில் 20,000 ஆஸ்திரேலிய டாலர் இழப்பீடு.

தொகை பெரிசில்ல. ஆனா "தளம் எல்லோருக்கும் படிக்கக் கிடைக்கணும்" என்பது தர்மம் மாதிரி யாராவது சொல்ற அறிவுரையா இருந்தது போய், சட்டத்துக்குள்ள வந்துடுச்சு.

ரோபோவும் அப்படித்தான் படிக்குது

இப்ப தேடுபொறிக்கு வருவோம். 1994-ல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பிரையன் பிங்கர்ட்டன் எழுதின வெப்கிராலர், பக்கத்தின் முழு உரையையும் தேட வச்ச ஆரம்ப காலத் தேடுபொறி. 1995 டிசம்பரில் ஆல்டாவிஸ்டா. இவற்றின் ரோபோக்கள் பக்கத்தைப் 'பார்க்கிறது' இல்ல. வரி வரியாப் படிக்குது. படம் தெரியாது, நிறம் புரியாது, எது மேலே எது கீழேன்னு தெரியாது. மக்வைரின் பிரெய்ல் கருவிக்கு என்ன கிடைச்சுதோ, ஏறக்குறைய அதேதான் ரோபோவுக்கும் கிடைக்குது. மாற்று உரை இல்லாத படம் ரெண்டு பேருக்கும் வெத்து இடம்தான்.

1998-ல் செர்கே பிரின்னும் லாரி பேஜும் கூகிளின் அமைப்பை விளக்கி ஒரு ஆய்வுக்கட்டுரை எழுதினாங்க. எல்லோரும் அதில் பேஜ்ரேங்க் பற்றி மட்டும்தான் பேசுவாங்க. அதே கட்டுரையில் இன்னொரு விஷயமும் இருக்கு. ஒரு சொல் பக்கத்தின் தலைப்பில் வந்திருக்கா, முகவரியில் வந்திருக்கா, இணைப்பின் எழுத்துல வந்திருக்கா, சாதாரண வரியில் வந்திருக்கா என்று தனித்தனியாப் பிரிச்சு வச்சு, அதுக்கேத்த மாதிரி எடை போட்டாங்க. அதாவது 'இது என்ன' என்கிற தகவல் அவங்களுக்குத் தேவைப்பட்டுது. "இங்கே சுட்டவும்"னு இணைப்புக் கொடுக்காதீங்க, எதுக்கு இணைப்புன்னு எழுதுங்கன்னு சொல்றது இதனாலதான்.

நேர் வழி இருந்தா குறுக்கு வழியும் இருக்குமே. ரோபோவுக்கு மட்டும் தெரியிற 'கீவேர்ட்ஸ்' குறியில் சம்பந்தமே இல்லாத சொற்களை நூத்துக்கணக்குல அடைச்சாங்க. வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்து. ரோபோவுக்கு ஒரு முகம், மனுஷனுக்கு ஒரு முகம். 2006 பிப்ரவரியில் பி.எம்.டபிள்யூ.வின் ஜெர்மன் தளமே இப்படி மாட்டி, கூகிள் அதைக் கொஞ்ச நாள் பட்டியலிலிருந்தே தூக்கிடுச்சு. 2009 செப்டம்பரில் கூகிள், தரவரிசைக்கு 'கீவேர்ட்ஸ்' குறியை நாங்க பார்க்கிறதே இல்லன்னு வெளிப்படையா அறிவிச்சது.

இதிலிருந்து எனக்குப் புரியிறது இதுதான். படிக்கிறவர் கண்ணுக்குத் தெரியாம ஒளிச்சு வைக்கிற தகவல் சீக்கிரம் பொய்யாயிடும். எல்லோருக்கும் தெரியிற தலைப்பைத் தலைப்புன்னே குறிச்சா அதில் பொய் சொல்றது கஷ்டம். ஏன்னா வாசகரும் பார்த்துக்கிட்டிருக்கார்.

நம்ம வீட்டுக் கதை

இது ஏதோ வெள்ளைக்காரங்க சண்டைன்னு நினைச்சுடாதீங்க. தமிழில் இதைவிட மோசமா ஒரு கூத்து நடந்தது.

பாமினி எழுத்துருவுல 'அம்மா'ன்னு அடிச்சீங்கன்னா, கோப்புக்குள்ள பதிவாகிறது என்ன தெரியுமா? ஆங்கில எம், கே, ஒரு அரைப்புள்ளி, மறுபடி கே, எச். அந்த எம்மை 'அ' மாதிரி வரைஞ்சு காட்டுறது எழுத்துருவின் வேலை. எழுத்துரு இல்லாத கணினியில் பக்கத்தைத் திறந்தா குப்பையா ஏதோ வரும். எழுத்துரு இருந்தா நமக்கு அழகான தமிழ். ஆனா ரோபோவுக்கு எப்பவுமே குப்பைதான். 'அம்மா'ன்னு தேடினா அந்தப் பக்கம் எந்தக் காலத்திலும் வராது.

தரமே இல்லாததால இப்படி ஆகல. தரங்கள் அதிகமா இருந்ததால ஆச்சு. திஸ்கி ஒரு பக்கம், 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி வந்த டாம், டாப் இன்னொரு பக்கம், பத்திரிகைகள் ஒவ்வொண்ணும் சொந்தமா ஒரு எழுத்துரு. தானா இறங்குற எழுத்துருன்னு ஒரு நுட்பம் வந்தது. அதிலும் நெட்ஸ்கேப்புக்கு ஒரு வடிவம், ஐ.இ.க்கு ஒரு வடிவம். ஒண்ணுக்குச் செஞ்சது மற்றதில் வேலை செய்யாது.

இத்தனைக்கும் 1991-லேயே வந்த யூனிகோட் முதல் பதிப்பில் தமிழுக்கு இடம் கொடுத்தாச்சு. அதில் 'அ' என்றால் 2949. எந்த எழுத்துரு போட்டாலும், எந்த நாட்டுல திறந்தாலும் 2949 என்பது 'அ' மட்டும்தான். விண்டோஸ் 2000-மும் எக்ஸ்பி-யும் யூனிகோட் தமிழுக்கு ஆதரவு தந்த பிறகுதான் இது வீட்டுக்குள்ள வந்தது. 2003 வாக்கில் எழுத வந்த தமிழ் வலைப்பதிவர்கள் பெரும்பாலும் யூனிகோடைப் பிடிச்சுக்கிட்டாங்க. பெரிய பத்திரிகைகள் பலவும் பழைய எழுத்துருவை விட மனசில்லாம இருந்த நேரம் அது. கைக்காசு போட்டு, எ-கலப்பையை இறக்கி, ராத்திரி உட்கார்ந்து எழுதின ஆட்களின் எழுத்து கூகிளில் கிடைச்சுது. லட்சக்கணக்கில் அச்சாகிற இதழ்களின் எழுத்து கிடைக்கல. 2004-ல் தமிழ்மணம் மாதிரி ஒரு திரட்டி சாத்தியமானதுக்கும் காரணம் இதேதான். எல்லோரும் ஒரே குறியாக்கம், எல்லோரிடமும் ஒரே வகைச் செய்தியோடை.

யூனிகோடில் தமிழுக்குக் கொடுத்த இடம் போதாது, ஒவ்வொரு உயிர்மெய்க்கும் தனி இடம் வேணும்னு ஒரு வாதம் ரொம்ப நாள் நடந்தது. அதில் நியாயமே இல்லன்னு நான் சொல்ல மாட்டேன். 2010-ல் தமிழக அரசு யூனிகோடையும் அனைத்து எழுத்துக்கும் இடம் தர்ற டேஸ்-16 முறையையும் ஏத்துக்கிட்டு ஆணை போட்டது. ஆனா நடைமுறையில் ஜெயிச்சது உலகமே பயன்படுத்துற யூனிகோட்தான். தரத்தின் மதிப்பு அது எவ்வளவு அழகா இருக்கு என்பதைவிட எத்தனை பேர் கடைப்பிடிக்கிறாங்க என்பதில் இருக்கு.

இழப்பு என்னன்னா, தொண்ணூறுகளின் கடைசியில் பழைய எழுத்துருக்களில் எழுதின கதைகள், கட்டுரைகள், ஈழத்துச் செய்திகள் எல்லாம் இன்னிக்கும் ஆவணக் காப்பகங்களில் ஆங்கில எழுத்துக் குப்பையாவே கிடக்கு. யாராவது எடுத்து மாத்தினாத்தான் உண்டு. அதுவரைக்கும் தேடினா கிடைக்காது.

திருத்த வந்தவங்க

1998-க்கே திரும்பிப் போவோம். உலாவிப் போரால் ஒரே பக்கத்தை ரெண்டு மூணு விதமா எழுதி எழுதி அலுத்துப்போன சில வடிவமைப்பாளர்கள், ஜெஃப்ரி ஜெல்ட்மேன் உள்பட, வலைத்தரங்களுக்கான ஒரு இயக்கத்தைத் தொடங்கினாங்க. உலாவி நிறுவனங்களிடம் அவங்க கேட்டது ஒண்ணுதான். நீங்களே உட்கார்ந்து ஒத்துக்கிட்ட தரத்தை நீங்களே ஒழுங்காச் செயல்படுத்துங்க.

2001 ஆகஸ்டில் ஐ.இ. 6 வந்தது. போட்டியில் ஜெயிச்சாச்சுன்னு மைக்ரோசாப்ட் தூங்கிடுச்சு. ஐ.இ. 7 வர 2006 அக்டோபர் ஆச்சு. அஞ்சு வருஷம்! இன்னிக்கும் ஐ.இ. 6-ன்னு சொன்னா முகம் கோணுற ஆட்கள் எங்க துறையில் நிறைய.

ஆனா அந்த இடைவெளியிலதான் நல்ல காரியங்களும் நடந்தது. 2002 அக்டோபரில் டக்ளஸ் போமன் வயர்டு நியூஸ் தளத்தை டேபிள் இல்லாம சி.எஸ்.எஸ்.-ல் மாத்தி அமைச்சார். 2003 தொடக்கத்தில் ஈ.எஸ்.பி.என். அதை மாத்தின மைக் டேவிட்சன் ஒரு கணக்குச் சொன்னார். பக்கத்துக்கு சுமார் 50 கிலோபைட் மிச்சம். நாளைக்கு 4 கோடி பக்கப் பார்வை. ஆக, ஒரு நாளைக்கு 2 டெராபைட்! தர்மம், அணுகல்னு பேசினப்போ காது கொடுக்காத மேலாளர்கள் எல்லாம் இந்தக் கணக்கைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தாங்க :-) அதே வருஷம் மே மாசம் டேவ் ஷே 'சி.எஸ்.எஸ். ஜென் கார்டன்' தளத்தைத் தொடங்கினார். ஒரே எச்.டி.எம்.எல். கோப்பு, ஒரு எழுத்துக்கூட மாத்தாம, சி.எஸ்.எஸ்.-ஐ மட்டும் மாத்தி மாத்தி ஆளாளுக்கு ஒரு தோற்றம். தரத்தைக் கடைப்பிடிச்சா தளம் அழுது வடியும்னு சொன்னவங்க வாயை அடைச்சது அது.

அடுத்த திருப்பம் 2004. டபிள்யூ3சி, ஒரு சின்னப் பிழை இருந்தாலும் பக்கத்தையே காட்டாத கடுமையான எக்ஸ்.எச்.டி.எம்.எல். பாதையில் போய்க்கிட்டிருந்தது. அது நடைமுறைக்கு ஒத்து வராதுன்னு ஆப்பிள், மொசில்லா, ஓப்பரா ஆட்கள் தனிக்குழு அமைச்சு, எச்.டி.எம்.எல். 5-க்கு அடித்தளம் போட்டாங்க. இதில் எனக்குப் பிடிச்ச விஷயம் ஒண்ணு. 2005 டிசம்பரில் இயான் ஹிக்சன் கூகிளில் இருந்தபடி நூறு கோடிக்கும் கொஞ்சம் மேலான பக்கங்களை ஆராய்ஞ்சு, மக்கள் தங்கள் பக்கத்தின் பகுதிகளுக்கு என்ன பேர் வச்சிருக்காங்கன்னு பார்த்தார். ஃபூட்டர், மெனு, ஹெடர், நேவ் மாதிரி பேர்கள்தான் திரும்பத் திரும்ப வந்தது. பிறகு எச்.டி.எம்.எல். 5-ல் ஹெடர், ஃபூட்டர், நேவ் எல்லாம் அதிகாரபூர்வக் குறிகளாவே வந்தது. 2014 அக்டோபரில் அது இறுதிப் பரிந்துரை ஆச்சு. ஊர் ஏற்கெனவே நடந்து போட்ட ஒத்தையடிப் பாதையில தார் போட்ட மாதிரி.

சரி, தரத்தைக் கடைப்பிடிச்சா முதல் பக்கத்துல வருமா?

வராது. நேர்மையாச் சொல்லிடுறேன். வேலிடேட்டரில் பிழையே இல்லன்னு வந்ததுக்காக எந்தத் தேடுபொறியும் கூடுதல் மார்க் போடுறதில்ல. கூகிள் ஆட்களே இதைச் சொல்லியிருக்காங்க. பிழை மலிஞ்ச எத்தனையோ பக்கங்கள் முதலிடத்தில் வருது. உள்ளடக்கத்தில் சரக்கு இருக்கணும், நாலு பேர் இணைப்புக் கொடுக்கணும். அதுக்கு மாற்று கிடையாது.

தரம் செய்யிற வேலை வேற. நீங்க எழுதினது என்னன்னு படிக்கிற எல்லா ஜீவனுக்கும் புரிய வைக்கும். பக்கத்துக்கு ஒழுங்கான தலைப்பு, உள்தலைப்புகளுக்கு உரிய குறி, படத்துக்கு மாற்று உரை, எந்த மொழின்னு ஒரு வார்த்தை, அர்த்தமுள்ள இணைப்பு எழுத்து, யூனிகோட். இவ்வளவுதான். திரைவாசிப்பான் வச்சுப் படிக்கிற ஒருத்தருக்காக இதைச் செஞ்சீங்கன்னா தேடுபொறிக்கும் செஞ்ச மாதிரி ஆச்சு.

இப்ப ஏன் இதைப் பேசணும்னா, பழைய கூத்து புது வேஷத்தில் வந்திருக்கு. அன்னிக்கு எல்லாத்தையும் டேபிளில் அடைச்சாங்க, இன்னிக்கு பேரில்லாத 'டிவ்'களில். திறந்ததும் வெத்துப் பக்கம், உள்ளடக்கம் எல்லாம் ஜாவாஸ்கிரிப்ட் ஓடின பிறகுதான். கூகிள் அந்த ஜாவாஸ்கிரிப்டை ஓட்டிப் பார்க்கும், எல்லா ரோபோவும் அப்படிச் செய்யிறதில்ல. 2022 ஜூனில் இண்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு மைக்ரோசாப்ட் மூடுவிழா நடத்திடுச்சு. 2020 முதல் அவங்களோட எட்ஜ் உலாவியே குரோமின் அடித்தளமான குரோமியத்தில்தான் ஓடுது. "குரோமில் பார்த்தேன், நல்லா இருக்கு, போதும்"னு சொல்றதைக் கேட்கும்போது "ஐ.இ.-யில் மட்டும் பார்க்கவும்" காலம்தான் நினைவுக்கு வருது.

ஒரு சின்ன வேலை செஞ்சு பாருங்க. உங்க வலைப்பக்கத்தை சி.எஸ்.எஸ்., படம், ஜாவாஸ்கிரிப்ட் எல்லாத்தையும் அணைச்சுட்டு ஒரு தடவை திறங்க. மேலிருந்து கீழே வெறும் எழுத்தாப் படிச்சுட்டு வாங்க. எது தலைப்பு, எது கட்டுரை, எந்த இணைப்பு எங்கே போகுதுன்னு புரியுதா? புரிஞ்சா நல்லது. புரியலைன்னா, உங்க எழுத்தைத் தேடி வர்ற யாரோ ஒருத்தருக்கும் அது கிடைக்காமப் போயிருக்கலாம்.

பழைய எழுத்துரு காலத்துப் பக்கங்களை யூனிகோடுக்கு மாத்தி வச்சிருக்கிறவங்க யாராவது இருந்தா பின்னூட்டத்தில் சொல்லுங்க. எப்படி மாத்தினீங்கன்னும் எழுதினா மத்தவங்களுக்கு உதவும்.